ஒரு நாளைக்கு ஒரு குண்டு

கோபத்தில் இரண்டு வகைதான் எனக்குத் தெரியும். கத்துகிற கோபம் என்னுடையது. கத்தாத கோபம் எங்கள் மேடத்துடையது. இன்னொரு வகையும் இருக்கிறது என்பது அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது. அது ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவியாக வந்து, எங்கள் ஆபீஸின் ஆடுகிற நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்தது.

"அழுறதுக்கு வரல மேடம். அதெல்லாம் ரெண்டு நாளா முடிச்சிட்டேன்," என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கண்ணு திறக்காமக் கிடக்கார். அவரைச் சுட்டது என் தம்பிதான்னு அவனை ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தப் போறாங்க. அதுக்குள்ள அவன் சுடலைன்னு யாராவது நிரூபிக்கணும்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்கிற வேலையில் இருந்தவர். பிரேக் சரியில்லை என்றால் எந்தக் கொம்பன் வண்டியானாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஊரில் அவருக்குப் 'பிரேக் மேடம்' என்று பெயர். ஒரு நாள் ரொம்பப் பெரிய கொம்பனின் வண்டியைத் திருப்பி அனுப்பினார். அதோடு வேலை போய், இந்தத் துப்பறியும் ஆபீஸ் வந்தது. நான் இங்கே வண்டி ஓட்டுகிறேன், டீ வாங்குகிறேன், நடுநடுவே பேசுகிறேன். எனக்கு அவர் வைத்த பெயர் ஹாரன். தேவையில்லாத இடத்தில்தான் அதிகம் சத்தம் போடுகிறேனாம்.

"வியாழக்கிழமை என்ன நடந்துச்சு? தம்பி சொன்னதைச் சொல்லும்மா," என்றார் மேடம்.

"பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு இவரும் தம்பியும் கடைக்கு வந்துட்டிருந்தாங்க. காலையில ஒன்பது மணி. சிக்னல்ல நின்னப்ப, பைக்ல ரெண்டு பேர், ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்திருக்கானுங்க. ஒருத்தன் துப்பாக்கியால கண்ணாடியைத் தட்டி, பர்ஸை எடு, போனை எடுன்னிருக்கான். ஆறு மாசமா ஊருக்குள்ள இதுதானே நடக்குது."

"கொடுத்தாரா?"

"கொடுக்கல மேடம்." அவள் தாடை இறுகியது. "சிரிச்சாராம். கையைக் கட்டிக்கிட்டு, 'சுடுறா பார்க்கலாம்'னு சிரிச்சாராம். எங்க கார் சாதாக் கார் இல்ல. நாலு மாசத்துக்கு முன்னாடி கவசம் போட்ட கார். மாடி கட்டச் சேர்த்து வெச்சிருந்ததை எடுத்துப் போட்டோம். கதவுக்குள்ள இரும்புத் தகடு, கனமான கண்ணாடி. குண்டே உள்ள வராதுன்னு எழுதிக் குடுத்திருக்கான். அந்த நம்பிக்கையில சிரிச்சிருக்கார். அவன் துப்பாக்கியைக் கீழே இறக்கி, கதவுல வெச்சு அழுத்திட்டுப் போயிட்டான். கதவைத் துளைச்சுக்கிட்டு வலது இடுப்புல ஏறிடுச்சு."

சாதாக் காராக இருந்திருந்தால் அந்த மனுஷன் கை நடுங்கப் பர்ஸை நீட்டியிருப்பார். இன்றைக்குக் கடையில் உட்கார்ந்து இருமல் மருந்து விற்றுக்கொண்டிருப்பார். இதை நினைத்தபோதே எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சரி, தம்பியை எதுக்குப் பிடிச்சாங்க?" என்றேன்.

"கதவுல ஓட்டையே இல்லைங்கிறாங்க."

"என்னது?"

"கதவுல ஒரு கீறல் கூட இல்ல. காரை ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தப்ப நானே வாசல்ல நின்னு பார்த்தேன். கண்ணாடியும் உடையல. அப்ப உள்ள இருந்தவன்தானே சுட்டிருக்கணும்னு கேக்கிறாங்க. சுட்டதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கடையில வெச்சு மாமனுக்கும் மச்சானுக்கும் சத்தம் வேற. தம்பி வெளிநாட்டுக்குப் போறேன்னான். 'நீ போயிட்டா, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்காவை யாருடா பார்த்துப்பா?'ன்னு இவர் கத்தினார். தெருவே கேட்டுச்சு. அதைத்தான் காரணமா எழுதியிருக்காங்க. துப்பாக்கி எங்கடான்னா, வழியில வாய்க்கால்ல போட்டிருப்பானாம். சிக்னல்ல பார்த்தவங்க ஒருத்தரும் சாட்சி சொல்ல வரல."

"தம்பி எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்?"

"இடது பக்கம்."

"குண்டு வலது இடுப்புல. இவர் சீட் பெல்ட் போட்டிருந்தாரா?"

"எப்பவும் போடுவார்."

மேடம் என்னைப் பார்த்தார். "ஹாரன், நீ இப்படி உட்காரு. நான் உன் இடது பக்கம். உன் வலது இடுப்புல நான் எப்படிச் சுடுறது?"

"என்னைக் கேட்டுட்டுத்தான் சுடணும் மேடம். நானா எழுந்து திரும்பிக் காட்டினாத்தான் உண்டு."

"இதை நான் கேட்டேன்," என்றாள் அவள். "பின் சீட்ல ஏதோ எடுக்கத் திரும்பியிருப்பார்னாங்க. மேடம், சுட்டவன் என்ன பண்ணுவான்? என் தம்பி அவரைப் பக்கத்துச் சீட்டுக்கு இழுத்துப் போட்டு, ரத்தத்துல உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கான். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான். கூடப் பொறந்தவன் மூஞ்சியைப் படிக்க மாட்டேனா?"

"கார் ஆஸ்பத்திரியில இருந்து எப்படி ஸ்டேஷனுக்குப் போச்சு?"

"நேராப் போகல. கண்ணாடியில அந்தக் கம்பெனி நம்பர் ஒட்டியிருக்கும், அவசரம்னா கூப்பிடுங்கன்னு. தம்பி ஆத்திரத்துல அதுக்குப் போன் பண்ணி, 'உங்க கதவு ஓட்டையாப் போச்சு'ன்னு கத்தியிருக்கான். பத்து மணிக்கே வண்டி வந்து, பத்திரமா வைக்கிறோம்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. போலீஸ் நாலு மணிக்கு அங்க போய் எடுத்தாங்க."

"ஆறு மணி நேரம்," என்றார் மேடம். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வண்டியை எடு."

•

இன்ஸ்பெக்டருக்கு எங்கள் மேடத்தைப் பிடிக்காது. ஒரு காலத்தில் அவருடைய ஜீப்புக்கே தகுதி இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அந்த ஜீப்பை அப்புறம் ஆறு மாதம் ஆட்களை வைத்துத் தள்ளினார்களாம்.

"அஞ்சு நிமிஷம். தொடலாம், எதையும் கழட்டக் கூடாது," என்றார் அவர்.

ஸ்டேஷனின் பின்பக்கம், பிடிபட்ட சைக்கிள்களுக்கு நடுவில் அந்த வெள்ளைக் கார் நின்றது. அந்த ஊரில் மூன்று காருக்கு ஒன்று அதே கார், அதே வெள்ளை. கவசக் கம்பெனிக்காரன் அந்த ஒரு ரகத்துக்கு மட்டும்தான் கவசம் போடுகிறான். கூட்டம் அதில்தானே இருக்கிறது.

மருந்துக்கடைக்காரரின் மனைவி நேராக டிரைவர் கதவுக்குப் போனாள். ஒரு கையால் இழுத்தாள், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, கீல் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"நட்சத்திரம் எங்க?"

"என்ன நட்சத்திரம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க பாப்பா ஒண்ணாம் கிளாஸ். அழகா எழுதினா டீச்சர் ஒரு நட்சத்திரம் குடுப்பாங்க, சின்ன ஸ்டிக்கர். நோட்டுல ஒட்டச் சொன்னா, கதவோட ஓரத்துல, இதோ இந்தக் கீல் கிட்ட ஒட்டுவா. கதவை முழுசாத் திறந்தாத்தான் தெரியும். அப்பா ஏறும்போது பார்க்கணுமாம். ஒன்பது இருந்துச்சு சார்."

"உரிஞ்சு விழுந்திருக்கும்."

"ஒன்பதும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல உரிஞ்சுதா சார்?" என்றேன். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் எனக்கும் இரண்டு நட்சத்திரம் தெரிந்தது.

மேடம் காரைச் சுற்றி வந்தார். பின் கதவுகள் இரண்டையும் திறந்து, முழங்கையால் தள்ளினார். டப், டப். முன்னால் இடது கதவையும் அப்படியே தள்ளினார். டப். அப்புறம் டிரைவர் கதவுக்கு வந்தார். அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கும் என்று ஒரு சத்தம் கேட்டது.

"நாலும் ஒரே கம்பெனி, ஒரே தகடு. மூணு முழங்கைக்கு அடங்குது. இது ஒண்ணு மட்டும் ஏன் அடங்கல?"

"டிரைவர் பக்கம் கூடுதலாப் போட்டிருப்பாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் கம்பெனி முதலாளி நல்ல மனுஷன் மேடம். வாரா வாரம் எல்லாருக்கும் முன்னால தானே காருக்குள்ள உட்கார்ந்து சுடச் சொல்றார். நானே போன மாசம் என் காருக்கு அங்கதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். போலீஸ்காரரே கவசம் போட்டுக்கொண்டு போகிற ஊரில் நாங்கள் எல்லாம் என்னத்தைப் போட்டுக்கொண்டு போவது என்று நினைத்தேன். ஆச்சரியம், அதை வெளியே சொல்லவில்லை.

மேடம் கைப்பையிலிருந்து நூலில் கட்டிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். வேலையில் இருந்த காலத்திலிருந்து அவரோடு இருக்கிற காந்தம் அது. வண்டி எங்காவது அடிபட்டால், பள்ளத்தைப் பசை மாதிரி ஒன்றால் நிரப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பட்டி பார்ப்பது என்று அதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பட்டியில் காந்தம் ஒட்டாது. விபத்தில் சிக்கிய வண்டியைப் புது வண்டி என்று கொண்டுவந்த எத்தனையோ பேர் இந்தக் காந்தத்துக்கு முன்னால் தலைகுனிந்திருக்கிறார்கள்.

டிரைவர் கதவின் மேல் காந்தம் ஒட்டிக்கொண்டே போனது. நடுவில், இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தில் காந்தம் நிற்கவே இல்லை.

"பாருங்க, இங்கதான் சுட்டிருக்கான்! ஓட்டையை மூடியிருக்கானுங்க!" என்று குதித்தேன்.

"அவசரப்படாதே. ஒரு குண்டுக்கு ஒரு காசு அகலம் போதும். இது உள்ளங்கை அகலம்." மேடம் அந்த இடத்தை விரலால் தட்டினார். "இந்தக் கதவு ஒரு தடவை சுடுபட்டதில்ல. அதே இடத்துல எத்தனையோ தடவை வாங்கியிருக்கு. மேல் தகரம் சல்லடையாகி, திரும்பத் திரும்பப் பட்டி பார்த்திருக்காங்க. உள்ள இருக்கிற தகடு மட்டும் நிஜம், அதான் இவ்வளவு கனம். ஹாரன், இந்த ஊர்ல வாரா வாரம் ஒரே இடத்துல அடி வாங்குறது யாரு?"

"மாமியார் வீட்டுக்குப் போற நான்."

"அடுத்தது?"

நான் நிமிர்ந்தேன். ஸ்டேஷன் சுவருக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில் பெரிய விளம்பரம். வெள்ளைக் காருக்குள் உட்கார்ந்து ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். 'நானே உள்ளே உட்காருகிறேன். சுட்டுப் பாருங்கள்! சனிக்கிழமை தோறும் மாலை 3 மணி.'

"இது அவன் காரோட கதவு," என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்ப எங்க கதவு?"

"கதவு இல்லாத காரை யாரும் வாசல்ல நிறுத்த மாட்டாங்கம்மா. இது எங்க இருந்து வந்துச்சோ, அது அங்கதான் போயிருக்கும்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "காந்தம் விழுந்துச்சு, ஸ்டிக்கர் விழுந்துச்சுன்னு இதையெல்லாம் வெச்சு அவர் மேல கை வைக்க முடியாது மேடம். ஊர்ல பாதிப் பெரிய மனுஷங்க அவர் கஸ்டமர்."

"கை வைக்க வேண்டாம். மூணு மணிக்கு வேடிக்கை பார்க்க வாங்க. உங்க கார்லயே வாங்க."

•

கவசக் கம்பெனி என்பது பெரிய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. முன்பக்கச் சிமென்ட் தரையில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குளிர்பானம் கொடுத்தார்கள். புதிதாகக் கவசம் போட வந்தவர்கள் பாதி, போட்டுக்கொண்டு வண்டியோடு சந்தோஷமாக வந்தவர்கள் பாதி. பன்னிரண்டு வெள்ளைக் கார்கள் வரிசையாக நின்றன. கடைசியாக நின்றது இன்ஸ்பெக்டருடையது. அவர் சாதாச் சட்டையில், எங்களைத் தெரியாத மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளியை எல்லோரும் இரும்புக்காரர் என்று கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை, பன்னீர் வாசனை, அளந்து வைத்த சிரிப்பு.

"சாயங்காலம் உங்க வீட்டுக்காரம்மா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. சிக்னல்ல நிக்கிறாங்க. கண்ணாடியில ஒருத்தன் தட்டுறான்." கொஞ்சம் நிறுத்தினான். முன் வரிசையில் ஒரு அம்மா பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அந்த நேரத்துல உங்க கையில என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. அதனாலதான் நான் இருக்கேன்."

விற்கிற பொருளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பயத்தைத்தான் கிலோ கணக்கில் விற்றான். எனக்கு எழுந்து போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. மேடம் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வழக்கமா டிரைவர் சீட்ல உட்காருவேன். இன்னிக்கு ஒரு மாறுதல். பக்கத்து சீட். உங்க மனைவி உட்கார்ற சீட்!" என்றான். கூட்டம் கை தட்டியது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

சுடுகிறவர் ஒரு வயதானவர். பேங்கில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு குண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டிப் போட்டார். இரும்புக்காரன் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகக் கை ஆட்டினான்.

வெடித்தது. காதுக்குள் வண்டு பறந்தது. அடுத்த நிமிஷம் கதவு திறந்தது. இரும்புக்காரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஒரு பட்டன் கூட அவிழாமல் இறங்கினான். நாற்காலிகளே எழுந்து கை தட்டின.

நான் மேடத்தின் பக்கம் குனிந்தேன். "மேடம், நிஜக் கவசமா இருக்கே!"

"நிஜம்தான். தனக்குப் போட்டுக்கிட்டது நிஜமாத்தான் இருக்கும்." மேடம் பக்கத்திலிருந்தவளின் தோளைத் தொட்டார். "போம்மா."

மருந்துக்கடைக்காரரின் மனைவி எழுந்தாள். வரிசையைத் தாண்டி நேராகக் காரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், என் வீட்டுக்காரர் உட்கார்றது வலது பக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்து காட்டுங்க."

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. நாலு மாதத்துக்கு முன் அவர்களோடு கை குலுக்கியவன்தான். "அடுத்த வாரம் வாங்கம்மா, கட்டாயம் காட்டுறேன்."

"நான் இன்னிக்கு முடிவு பண்ணணும். ஆம்பளைங்க உயிர் எந்தக் கதவுல இருக்குன்னு பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

கூட்டம் சிரித்தது. "காட்டுங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது என் குரல்தான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"ஒரு நாளைக்கு ஒரு குண்டுதாங்க!" என்று அவன் கையைக் கூப்பினான். "அதுதான் எங்க கணக்கு. பெரியவர் ஒண்ணுக்கு மேல எடுத்துட்டே வர மாட்டார். சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "அப்ப சுட வேண்டாம். சும்மா உட்கார்ந்து காட்டுங்க. அந்தம்மா மனசு ஆறட்டும்."

சும்மா உட்கார யாருக்கு என்ன பயம்? அவன் சிரித்துக்கொண்டே சுற்றிப்போய் டிரைவர் சீட்டில் ஏறினான். கதவைச் சாத்தினான். டப் என்று சாத்திக்கொண்டது.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மூன்றாவது வரிசையில் இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்ததைப் பார்த்தேன்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, கொஞ்சம் குறி பாருங்க. எப்படிப் பிடிப்பீங்கன்னு பார்க்கிறேன்."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாரா வாரம் செய்கிற வேலைதானே என்று துப்பாக்கியைத் தூக்கி, டிரைவர் கதவின் நடுவே, இடுப்பு உயரத்தில் நீட்டினார்.

கண்ணாடிக்குப் பின்னால் இரும்புக்காரனின் சிரிப்பு உறைந்தது. தலையை ஆட்டினான். வேண்டாம் என்று கை காட்டினான்.

"வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு இதே இடத்துல வெச்சுத்தான் சுட்டான்," என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இப்ப நான் யாருன்னு தெரியுதா? சிரிங்க சார். என் புருஷன் உங்க கதவை நம்பிச் சிரிச்சார். நீங்களும் சிரிங்க! ஐயா, சுடுங்க!"

பெரியவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். விரல் மட்டும் பழக்கத்தில் உள்ளே போனது.

"டேய், சுடாதேடா!" என்று அலறிக்கொண்டு இரும்புக்காரன் கதவை உதைத்துத் திறந்து வெளியே பாய்ந்தான். முழங்கால் சிமென்டில் தேய, சலவைச் சட்டை கிழிய, நாற்காலிகளுக்கு நடுவில் போய் விழுந்தான்.

மேடம் எழுந்து மெதுவாக நடந்து வந்தார்.

"பெரியவரே, துப்பாக்கியில குண்டு இருக்கா?"

"எங்கம்மா இருக்கு? இருந்த ஒண்ணைத்தான் அப்பவே சுட்டாச்சே!"

"கேட்டுச்சா? ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு நீங்களே சொன்னீங்க," என்றார் மேடம், தரையில் கிடந்தவனைப் பார்த்து. "இருந்தும் குதிச்சீங்க. குண்டு வந்தாலும் உள்ள நுழையாதுன்னு ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் குண்டே இல்லாத துப்பாக்கிக்குக் குதிக்கிறார்னா, அந்தக் கதவுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

உதைத்த வேகத்தில் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி அதன் கீல் பக்கம் மண்டியிட்டாள். விரல் வைத்து எண்ணினாள். சிவப்பு, நீலம், வெள்ளி. கடைசி ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தவன் இந்த ஓரத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் ஏதோ குப்பை என்று விட்டிருப்பான்.

"ஒன்பது," என்றாள். "ஒன்பதும் இருக்கு."

மேடம் வெளிப்பக்கம் காந்தத்தை ஓடவிட்டார். ஒரே ஒரு இடத்தில், காசு அகலத்துக்கு, நழுவியது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவரும் தலையசைத்தார். ஸ்க்ரூ டிரைவரால் கதவின் உள் அட்டையை, அது மட்டும் புதுசு, நெம்பினேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகத் தெர்மாகோல். டிவி வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் வருமே, அதே தெர்மாகோல். அதன் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி, காய்ந்துபோன பழுப்பில், ஒரு மனுஷனின் ரத்தம்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு நக்கலும் வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது. மேடம் என்னைக் கண்டிக்கவில்லை.

"கண்ணாடி நிஜம்மா, கண்ணாடி நிஜமாத்தான் போட்டேன்," என்று தரையிலிருந்து ஒரு முனகல்.

"அது கண்ணுக்குத் தெரியுமே," என்றாள் அவள். எழுந்து அவன் முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பேன். "நீ எங்களுக்குக் கவசமே போட்டிருக்க வேண்டாம். அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. கரப்பான் பூச்சிக்குக் கட்டில் மேல ஏறுவார். அந்தப் பயம் அவரைக் காப்பாத்தியிருக்கும். நீ அதைப் பிடுங்கிட்டு, இந்த வெள்ளை அட்டையை வெச்சு அனுப்பியிருக்க. அது பத்தாதுன்னு, என் தம்பி தலையில பழியைத் தூக்கி வெச்சுட்டு, கதவைக் கழட்டி மாட்டியிருக்க!"

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

வரிசையாக நின்ற கார்களிடம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருவர் தன் கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளினார். டப். அடுத்தவர் தள்ளினார். டப். பையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா தன் கணவரின் காரில் நாலு கதவையும் திறந்து திறந்து சாத்தினார். டப், டப், டப், டப். பன்னிரண்டு காரிலும் ஒரே தகரச் சத்தம். இத்தனை மாதமும் அவர்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

கடைசிக் கார் இன்ஸ்பெக்டருடையது. அவர் அதைச் சாத்திப் பார்த்தார். டப். பிறகு திரும்பி வந்தபோது அந்த முகத்தில் இருந்த கோபத்துக்கு இரும்புக்காரன் முனகலை நிறுத்திக்கொண்டான்.

"என் பொண்டாட்டி பிள்ளையை இதுலதான்டா அனுப்புறேன்," என்றார்.

"அவங்க தம்பியையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க சார்," என்றார் மேடம். "மணி நாலாகப் போகுது."

•

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தம்பி ஸ்டேஷன் படியிறங்கி வந்தான். வியாழக்கிழமை போட்ட சட்டை. கையிலும் மடியிலும் மாமனின் ரத்தம் காய்ந்துபோயிருந்தது. மாற்றுச் சட்டை கொடுக்கக் கூட யாருக்கும் தோன்றவில்லை. பைக்கில் வந்த இரண்டு பேர் இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிப்பது வேறு கதை. அதற்கான காகிதத்தை இன்ஸ்பெக்டர் தானே எழுதிக்கொண்டிருந்தார், பேனா கிழித்துவிடும் போல அழுத்தி அழுத்தி.

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"மாமா முழிச்சாரா?"

"இன்னும் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். காலையிலிருந்து காய்ந்தே இருந்த கண்ணில் முதல் முறையாக ஏதோ தளும்பியது. ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை.

"வா, சீக்கிரம் போகணும். முழிச்சதும் அந்த மனுஷனை முதல்ல நான் திட்டணும். எவன் பேச்சை நம்பிய்யா நீ சிரிச்சேன்னு."